பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

பின்புறம் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் எனக்குப் புண் வந்தது மரியாதையான இடத்தில் இல்லை. குண்டியில்தான் வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக, உட்காரும் எலும்பு தோலைத் தொடுகிற இடத்தில் சரியாக வந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. நாற்பத்தாறு வயதில் ரோடு பைக் என்கிற பந்தய சைக்கிள் ஓட்டப் பழகினேன், புண் வந்தது, மூன்று மாதத்தில் ஆறியது. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் புண் எனக்கு மட்டும் வரவில்லை என்பதால் எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு உலு திராமில், வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறையில் சோபாவைத் தூக்கிவிட்டு அப்பாவுக்குக் கட்டில் போட்டிருந்தோம். பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் வாங்கிக்கொண்டு, நாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகவே வரும். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா என்று நான் நினைத்ததுண்டு. ஒரு தடவை இல்லை, பல தடவை.

அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆட்களை விரட்டி வேலை வாங்குவதுதான் மண்டோரின் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அவர் மண்டோர்தான். கதவுக்குப் பின்னால் ரோத்தான் பிரம்பு தொங்கும். பரீட்சையில் கோட்டை விட்டால் அடிக்கமாட்டார். பாத்திரத்தை உடைத்தால் அடிக்கமாட்டார். பொய் சொன்னால் அடிப்பார். ஒரு பொய்க்குப் பத்து, எப்போதும் ஒரே இடத்தில். பள்ளிக்கூடம் போனேன் என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நாளில், ஐந்தாவது அடிக்கே சிறுநீர் போய்விட்டது. அதற்காக அவர் நிறுத்தவில்லை. பத்தையும் முடித்துவிட்டுப் பிரம்பைத் துடைத்து மாட்டினார். அன்று இரவு நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து, மீன் முள்ளை எடுத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரைத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும்.

கிளினிக்கிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வரும் மிஸி சொன்னது அது. நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்து, முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐம்பது காசு அளவு சிவந்திருந்ததை மிஸி எங்களுக்குக் காட்டினார். விரலால் அழுத்தி எடுத்தார்.

"பாருங்க, அழுத்தினா வெளுக்கணும். வெளுக்கல. அதான் பயம். ஒரே இடத்துல வெயிட் இருந்தா ரத்தம் ஓடாது, சதை செத்துடும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்திடுங்க. இடது, நேரா, வலது. தோலு திறந்துச்சுன்னா எலும்பு வரைக்கும் போயிடும். எலும்புக்குப் போயிடுச்சுன்னா இந்த வயசுல ஐயாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது லா. நான் ஒளிக்காம சொல்லிட்டேன்."

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்று மாலையே ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டினாள். மேலே கிழமை, பக்கத்தில் மணி. கட்டிலுக்கு மேலே ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அவள் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். காலை நாலரைக்கு வேன் வந்துவிடும், எல்லைப் பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்கு முன் தாண்டவேண்டும். திரும்பி வர இரவு எட்டரை ஆகும். அப்படிப்பட்டவள் இரவு பதினொன்று, ஒன்று, மூன்று ஆகிய மூன்றையும் தனக்கு எடுத்துக்கொண்டாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை பார்த்துக்கொள்ளப் பக்கத்து வரிசையிலிருந்து ஓர் அக்கா வருவார். எனக்கு வந்தது காலை ஐந்தும் ஏழும், மாலை ஏழும் ஒன்பதும்.

நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். ஒன்பது மணிக்கு வேலை. எங்கள் வேலையே கட்டத்தில் டிக் போடுவதுதான். மணிக்கு ஒருமுறை இயந்திரத்திடம் போய், சூடு பார்த்து, அளவு பார்த்து, டிக் போடவேண்டும். யார் போகிறார்கள்? ஷிஃப்டு முடியும்போது உட்கார்ந்து எல்லா மணிக்கும் சேர்த்துப் போடுவோம். கெட்டிக்காரன் ஷிஃப்டு தொடங்கும்போதே போட்டுவிடுவான். அதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். ஒரே மூச்சில் போட்ட டிக் எல்லாம் ஒரே சாய்வில் இருக்கும், ஆடிட்டர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றைச் சாய்த்து, ஒன்றை நிமிர்த்தி, ஒன்றை அவசரத்தில் போட்டதுபோலக் கட்டத்துக்கு வெளியே இழுத்துவிடவேண்டும். பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். ஒருத்தரும் என்னைப் பிடித்ததில்லை.

எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. உடம்பை அசை என்று டாக்டர் சொன்னார். கூட வேலை பார்க்கிற ஒருவர் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு மூலையில் போட்டிருந்த ரோடு பைக்கை என் தலையில் கட்டினார். பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு நம்மாட்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கோத்தா திங்கி சாலையில் போய்விட்டு ஏழு, ஏழரைக்குத் திரும்புவார்கள். குழுவுக்குப் பெரியவர், தீயணைப்பில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். வற்றல் மிளகாய்போல உடம்பு, வாயும் அதே காரம்.

சர்க்கரைக்காக ஓட்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. அந்த முன்னறையின் மூத்திர வாடையிலிருந்தும் அந்த நாக்கிலிருந்தும் இரண்டு மணி நேரம் தப்பித்துப் போவதற்காகத்தான் ஓட்டினேன்.

முதல் வாரத்திலேயே சீட்டு என்னைக் கொன்றுவிட்டது. சீட்டா அது? உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டை. சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்காருகிறவனுக்கு இது தெரியாது. ரோடு பைக்கில் குனிந்து போகவேண்டும், உடம்பின் பாரம் எங்கெங்கோ போய் அமரும். நான் செய்த முதல் முட்டாள்தனம், பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போட்டது. அதை வெறும் உடம்பில்தான் போடவேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? ஜட்டி இல்லாமல் ஏழு ஆண்களோடு பொது ரோட்டில் குனிந்துகொண்டு போவதற்கு எங்கள் வீட்டில் வளர்த்த விதம் இடம் கொடுக்கவில்லை. ஜட்டியின் தையல் விளிம்பு இரண்டு பக்கமும் அறுத்தது. இரண்டாவது முட்டாள்தனம், சீட்டின் மேல் ஜெல் உறை வாங்கி மாட்டியது. மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று நினைத்தேன். அது நெளிந்து நெளிந்து இன்னும் மோசமாக உராய்ந்தது. அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் இடுப்புக்கு அடியில் செருகினேன். நான் அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். மிஸி பார்த்துவிட்டு, "யார் இதை வச்சது? இது இன்னும் கெடுத்துடும்" என்று திட்டி, குப்பையில் போட்டார்.

இரண்டாவது வாரம் கால்களை அகட்டி வைத்துத்தான் என்னால் நடக்க முடிந்தது. அப்பா கட்டிலில் கிடந்தபடி பார்த்தார்.

"என்னடா, கோழி முட்டை போட எடம் தேடுற மாதிரி நடக்கிற?"

"ஒன்னும் இல்லப்பா."

"ஒன்னும் இல்லாததுக்கா என் மருந்து டியூப்பு பாதி காலி? எங்கடா தடவுற?"

அவருக்கு மிஸி கொடுத்த களிம்புதான். தோல் நனையாமல் காக்கும், வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். நான் அதை எடுத்துக் குளியலறையில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தேன். என் கை தானாகப் பின்னால் போயிற்று. அப்பா புரிந்துகொண்டார். கோணல் வாயால் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து எச்சில் வழிந்தது. அதை நான்தான் துடைக்கவேண்டும். துடைத்தேன். கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன்.

"அங்கேயேதானா உனக்கும்? நல்லா வேணும்டா" என்றார்.

மூன்றாவது வாரம் அந்தத் தீயணைப்பு அண்ணன் என்னைப் பெட்ரோல் நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டார். நான் சீட்டில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்.

"உள்ள ஜட்டி போட்டிருக்கியா?"

"ஆமாண்ணே."

"அலமாக்! வெக்கத்தைப் பார்த்தா சதை போயிடும் தம்பி. நாளைலேர்ந்து கழட்டிட்டு வா. சீட்டும் ஒசரம். மிதிக்கிறப்ப ஒன் இடுப்பு ஆடுது, அதான் தேயுது." அங்கேயே குனிந்து சீட்டை ஒரு விரல் அளவுக்கு இறக்கினார். "இன்னொன்னு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நின்னு மிதி. ஒரே எடத்துல வெயிட் வச்சுக்கிட்டு இருந்தா ரத்தம் ஓடாது, சதை செத்துடும். மறந்துடுவ. கடியாரத்துல அலாரம் வச்சுக்க."

வார்த்தைக்கு வார்த்தை மிஸி சொன்னதுதான். எனக்கு அது தெரியாமல் இல்லை, அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்துகொண்டே கைக்கடிகாரத்தில் பத்து நிமிட அலாரம் வைத்தேன். மறுநாளிலிருந்து அது பீப் என்றதும் எழுந்து நின்று இருபது மிதி மிதித்துவிட்டு உட்காருவேன். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. என் குண்டிக்கு நான் பார்த்த டூட்டி அப்படி.

அப்பாவின் ஏழு மணி டிக்கில் அப்போதே பொய் தொடங்கியிருந்தது. முதலில் ஏழேகாலுக்கு வந்து திருப்பிவிட்டு ஏழில் போட்டேன். கால் மணி நேரத்தில் என்ன கெட்டுப்போகும்? பிறகு ஏழே முக்கால். பிறகு எட்டு மணிக்கு வந்து, குளித்து, சட்டை மாட்டி, "அக்கா ஒன்பதுக்கு வந்துடுவாங்க" என்று திருப்பாமலே போட்டேன். பிறகு ஐந்து மணிக்குத் திருப்பும்போதே ஏழையும் சேர்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒன்று சாய்வாக, ஒன்று நிமிர்த்தி. கடைசியில் ஐந்து மணிக்கே திருப்பவில்லை. ஐந்தேகாலுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இருக்கவேண்டும், அவரைத் திருப்பினால் தலையணை செருகவேண்டும், துணி மாற்றவேண்டும், வசவு கேட்கவேண்டும். மூன்று மணிக்கு என் மனைவி எந்தப் பக்கம் படுக்கவைத்தாளோ, ஒன்பது மணிவரை அந்தப் பக்கமே.

அப்பா விழித்துக்கொண்டுதான் இருப்பார். நூலில் தொங்கும் பேனாவை நான் எடுப்பதைப் பார்ப்பார். "போட்டாச்சா?" என்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ஒரு நாள் மட்டும் கேட்டார். கதவைத் திறந்து பைக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன்.

"திருப்பிட்டுப் போடா. எரியுது."

நின்றேன். தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னேன். "எரியுதுன்னு நான் கத்தினப்போ நீங்க நிறுத்தினீங்களா?"

முன்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பதிலுக்காக நிற்கவில்லை, ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

"நிறுத்தல" என்றார்.

அன்று கோத்தா திங்கி சாலையில் நன்றாக ஓட்டினேன். உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்து போயிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாக இருந்ததை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

தோல் திறந்துவிட்டதை அக்காதான் முதலில் பார்த்தார். அன்று இரவு என் மனைவி வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள். ஐம்பது காசாக இருந்தது உள்ளங்கை அளவுக்கு ஆகியிருந்தது, நடுவில் குழி. அவள் தாளைப் பார்த்தாள். ஒரு கட்டம் விடாமல் டிக். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கினாள். அவள் விரல் என்னுடைய ஐந்திலும் ஏழிலும் நிற்கவில்லை. மூன்றில் நின்றது.

"மூணு மணிக்கு நான் தூங்கிட்டேனா? டிக் இருக்கு. ஆனா திருப்பினேனான்னு ஞாபகமே வரலைங்க. தூக்கக் கலக்கத்துல டிக்கை மட்டும் போட்டுட்டுப் படுத்துட்டேனோ?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வாக்கியம் போதும். கட்டிலில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்" என்றேன். "நீதான் அவ்ளோ அசதியா இருக்கியே."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, "மாமா, மன்னிச்சிடுங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று இரவிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை இல்லை, மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. வேனில் ஏறும்போது ஒரு நாள் படி தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் அதற்கும் களிம்பு எடுத்துக் கொடுத்தேன்.

அழுதுவிட்டு அன்று அவள் உள்ளே போனதும் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது இரண்டே வார்த்தை.

"அவளையுமா, டேய்?"

அவர் அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் ஒவ்வொரு நாளும் அதற்குத்தான் பயந்தேன். சொல்லவில்லை. மகனைப் பற்றி மருமகளிடம் முறையிடுவது மண்டோருக்குக் கேவலம்போல. அல்லது நான் எங்கே போய் நிற்கிறேன் என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ.

அந்த இரவுக்குப் பிறகாவது நான் திருந்தினேனா என்று கேட்பீர்கள். ஒரு வாரம் திருந்தினேன். ஐந்துக்கும் ஏழுக்கும் சரியாகத் திருப்பினேன், பைக்கைத் தொடவில்லை. மிஸி சொல்லிக்கொடுத்தபடி புண்ணுக்குள் துணி வைத்துக் கட்டினேன். அந்த நாற்றம் சோற்றில் வந்தது, தலையணையில் வந்தது. எட்டாவது நாள் தீயணைப்பு அண்ணன் அழைத்தார். சனிக்கிழமை கோங் கோங் பக்கமாகச் சுற்றி எண்பது கிலோமீட்டர் போகிறோம், நீ வருகிறாயா, உன் குண்டி தாங்குமா என்று சிரித்தார். வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமையும் என் மனைவிக்கு வேலை உண்டு. அக்கா அன்றைக்கு மதியம்தான் வருவார். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று நான்கும் என்னுடையவை. காலையில் அவள் வேனில் ஏறியதுமே நான்கு கட்டத்தையும் முடித்துவிட்டேன். பதினொன்றின் டிக்கைக் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் இழுத்துவிட்டேன், அவசரமாகப் போட்டதுபோல. அப்பாவுக்கு உடம்பு சுட்டது. தொட்டுப் பார்த்தேன். சுடுகிறது என்று தெரிந்துதான் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

எண்பது கிலோமீட்டரில் எனக்கு ஒரு சின்ன எரிச்சல்கூட இல்லை. செம்பனைக் காட்டுக்கு நடுவில் வெயில் ஏறுவதற்கு முன், ஈரக் காற்றில், எட்டுப் பேர் வரிசையாகப் போனோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீப். எழுந்தேன், மிதித்தேன், உட்கார்ந்தேன். புண் இருந்த இடம் காய்த்துவிட்டது, இனி தாங்கும் என்று தெரிந்தது. ரொட்டிக் கடையில் எல்லாருக்கும் நுரைக்க ஆற்றிய தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் முதன்முதலாக நாற்காலியில் இரண்டு பக்கமும் சமமாக வைத்து உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. அப்பா நடுங்கிக்கொண்டிருந்தார், கட்டில் சத்தம் போட்டது. கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, பத்தேகாலுக்கு அவரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். நான் சைக்கிள் உடுப்போடுதான் போனேன். ஊசி போட்டு, தண்ணீர் ஏற்றி, ஒரு மணி வாக்கில் அப்பா தெளிந்தார்.

என் மனைவி பாதி வேலையில் கிளம்பி, பாலம் தாண்டி, வீட்டுக்குப் போய் அவருடைய அடையாள அட்டையையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தொழிற்சாலை உடுப்பிலேயே நின்றாள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது. புண் எலும்பைத் தொட்டுவிட்டது, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். வீட்டில் ஒழுங்காகத் திருப்பினீர்களா என்று கேட்டார். அதற்காகத்தானே என் மனைவி தாளைக் கொண்டுவந்திருந்தாள்? நீட்டினாள்.

டாக்டர் விரல் வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கினார். நின்றார். "இன்றைக்குப் பதினொன்றுக்கும் திருப்பியதாக இருக்கிறதே. பத்தேகாலுக்கே இவர் இங்கே வந்துவிட்டாரே?"

என் மனைவி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து என் கையில் பீப் என்றது. அலாரத்தை நிறுத்தவே இல்லை நான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் குண்டி, பழக்கதோஷத்தில், தானாக எழுந்தது. பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா அதைப் பார்த்தார். கட்டிலிலிருந்து என் கையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். அவருக்கு முழுவதும் புரிந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

டாக்டர் அவரிடமே குனிந்து கேட்டார். உங்கள் மகன் உங்களைத் திருப்பிப் படுக்கவைப்பாரா, ஐயா?

"ஆடா, டாக்டர்" என்றார் அப்பா மலாயில். ஆமாம், இருக்கிறது என்று அர்த்தம். "என் மகன்தான். நேரம் தவறமாட்டான். காலையிலகூடத் திருப்பினான்."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

என் மனைவி தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். வெளியே நடைக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு மணிக்கு நான் தூங்கலை. இப்ப ஞாபகம் வந்துடுச்சு. திருப்பினேன். எல்லா நாளும் திருப்பினேன்."

ஒன்பதாவது நாள் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தது நான்தான், ஒரே மகன். குளிப்பாட்டும்போது அவரைத் திருப்பவேண்டியிருந்தது. உறவுக்காரர்கள் நான்கு பேர் பிடித்தார்கள், புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பிக்கொள்ளவில்லை. என் கை முழுதாக உள்ளே போகும். "எவ்ளோ பார்த்துக்கிட்டான் பையன், பாவம்" என்று யாரோ சொன்னார்கள். என் மனைவி அங்கேதான் நின்றாள். வாளியில் தண்ணீர் குறைந்திருந்தது, போய் எடுத்து வந்தாள்.

பெற்ற பாசத்தில்தான் அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்கிறவர்கள் அவரிடம் அடி வாங்கியதில்லை. எனக்கு அவர் கை தெரியும். ஒரு பொய்க்குப் பத்து என்று வைத்திருந்தவர், என்னுடைய அத்தனை டிக்குக்கும் அடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தவர், தன் பொய்யாலேயே அடித்துவிட்டுப் போனார். எண்ணிக்கை சொல்லவில்லை. எத்தனையில் நிற்கும் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

என் மனைவி இப்போதும் நாலரை வேனுக்குப் போகிறாள். என்னிடம் பேசுகிறாள், சமைக்கிறாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். போட்டேன் என்று சொன்னால் எழுந்துபோய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறாள். அந்தத் தாளை அவள் எறியவில்லை. எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் தேடவில்லை.

நான் இன்னமும் ஓட்டுகிறேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. இருநூறு கிலோமீட்டர்கூடப் போய் வந்துவிட்டேன், எங்கேயும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கடிகாரத்தில் அந்த அலாரம் அப்படியே இருக்கிறது. பைக்கில் மட்டுமில்லை, வேலையிடத்தில், சாப்பிடும்போது, கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது. நிறுத்துவதற்குப் பொத்தான் எது என்று எனக்குத் தெரியும். அது அடித்ததும் சாப்பாட்டு மேசையில் என் மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள். நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.